எதுக்குப் பயப்படணுமோ அதுக்குப் பயப்படு, மருமவனே

பாங்காக்குக்கு டிக்கெட் போட்டாச்சாமே, சந்தோசம் மருமவனே. மெட்ராசுலேருந்து மூணரை மணி நேரத்துல எறக்கி விட்டுருவானாம். நம்ம ஊர் ரயிலு மெட்ராசு போய்ச் சேருறதுக்குள்ள அவன் அங்க போயித் திரும்பியே வந்துருவான். போறது நீ, ஒம்பொண்டாட்டி, தொணைக்கு ஒங்க அத்தை, மூணு வயசுல பேத்தி, ஒம்பது மாசத்துல பேரன். திண்ணையில கெடந்த ஒங்க பெட்டிய நான் தொறந்து பாத்தேன், கோவிச்சுக்காத. பருப்புப்பொடி, புளிக்காச்சலு, எலுமிச்சங்கா ஊறுகா, ஓட்ஸு, கை தொடைக்க ஈரத்தாளு, கையில தேச்சுக்கிட சாராயத் தண்ணி பாட்டலு பாட்டலா. ஒரு படையெடுப்புக்கே காணும். ஆனா ஓஆர்எஸ் பொட்டலம் ஒண்ணக் காணல. பிள்ளைக்குப் பண்டத்தத் துண்டு போட ஒரு சின்னக் கத்திரியக் காணல. அப்பமே எனக்கு வெளங்கிட்டு. மருமவன் நல்லாத்தான் பயப்படுதான், பயத்தக் கொண்டுபோய் எடம் மாத்தி வச்சிருக்கான்.

நீ படிச்சவன், நானோ ஆக்குப்புரையில ஆயுசக் கழிச்ச தவசுப்பிள்ள. ஒனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஏது வாயி? ஆனா ஒண்ணு. பந்தி முடிஞ்சு ஊர்ல எந்தப் பிள்ள வயித்தப் புடிச்சாலும் மாப்பிள்ள வீட்டுக்காரன் மொதல்ல தேடுதது என்னயத்தான். அந்தப் பயத்துல படிச்ச படிப்பு ஒங் காலேசுல கெடையாது. போன வருசம் மவன் என்னயும் ஒங்க அத்தையையும் பாங்காக்குக்குக் கூட்டிட்டுப் போனான். அவன் கோயிலக் காட்டுனான், மாளிகையக் காட்டுனான். நான் ஊர் பூரா அடுப்பப் பாத்துட்டு வந்தேன்.

ஒன் திட்டம் எனக்குத் தெரியும். ரோட்டோரக் கடைப்பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டே. ஏசி ஓட்டல்ல வரிசையா மூடி போட்டு வச்சிருப்பானே, பபேன்னு, அங்கதான் பிள்ளையளுக்குச் சோறு. வெள்ளத்துணி விரிச்சிருக்கான், மூடி மின்னுது, பரிமாறுதவன் கையில உறை போட்டிருக்கான், அதனால சுத்தம். ரொம்பச் சரி. துணியையும் மூடியையுமா திங்கப்போறிய?

ஆக்குன பண்டம் ஒண்ணு கைபொறுக்காத சூட்டுல இருக்கணும், இல்லன்னா ஐஸ்பெட்டிக் குளிர்ல இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் எடையில கெடந்தா அது கிருமிக்குக் கல்யாண வீடு. ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும், நாதஸ்வரம் இல்லாமலே வம்சம் பெருகும். அந்த நடுச்சூட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல கெடந்தது பிள்ளைக்கு ஆவாது. வெளிய வெயிலு 32 டிகிரியத் தாண்டுனா அதுலயும் பாதி, ஒரு மணி நேரந்தான். பாங்காக்குல 32-க்குக் கீழ ஒரு மத்தியானத்தத் தேடிக் கண்டுபிடி, நான் ஒனக்கு மோதிரம் போடுதேன்.

இப்பம் நீ காலைல என்ன செய்வே? லீவுக்கு வந்திருக்கோமேன்னு ஒம்பதரைக்குப் போர்வைய விலக்குவே. ஓட்டல்காரன் ஆறரைக்கே முட்டையக் கிண்டி வச்சிருப்பான். அதுக்கு அடியில ஒரு குட்டி வெளக்கு எரியும். அது சூடு காட்டவா, சாமி கும்பிடவான்னு அதுக்கே தெரியாது. ஒனக்கு முந்தி நூறு பேரு அந்தக் கரண்டியப் புடிச்சிருப்பான். அந்த முட்டைய அள்ளி, "பாப்பாவுக்குப் புரோட்டீன்"னு ஊட்டுவே. ஏலே, அதே கூடத்து மூலையில ஒருத்தன் சட்டியும் கையுமா நிப்பான். அவன்ட்ட போயி, முட்டைய ஒடச்சு ரெண்டு பக்கமும் நல்லா வேக வச்சுக் குடுன்னு கேளு. அஞ்சு நிமிசம் நிக்கணும். அதுக்குத்தானே ஒனக்குக் காலு வலிக்குது? பபேயில திங்கறதுன்னா கதவத் தொறக்கும்போதே போயிரு. கடைசி அரைமணி நேரத்துல மிஞ்சிக் கெடக்குறத நீயும் நானும் திங்கலாம், பிள்ளைய திங்கப்புடாது.

இன்னொண்ணும் கேளு, இது என் தொழில் ரகசியம். சோறுன்னா சாதுன்னு நெனைக்கே. அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி ஒட்டிக்கிட்டே வரும். சோறு கொதிச்சாலும் அதுக்க வித்து சாவாது. வடிச்ச சோத்தக் குவியலாப் போட்டு வெளிய ஆறவிட்டா முழிச்சிக்கிட்டு நஞ்சக் கக்கும். பெறவு எத்தன தடவ போட்டு வறுத்தாலும் வாந்தி எடுக்க வைக்குத அந்த நஞ்சு போவாது. கல்யாண வீட்டுல சோத்தப் பாயில பரத்தலாப் போடுதமே, அழகுக்குன்னா நெனச்சே? அதனால ஃப்ரைடு ரைஸு கண்ணாடிப் பெட்டிக்குள்ள காத்துக்கிட்டிருந்தா அது காத்துக்கிட்டே இருக்கட்டும்.

ரோட்டுக் கடைக்கு வா. ஒனக்கு மூக்கு சுருங்குது, தெரியுது. அங்க ஒரு அம்மா நெருப்புல சட்டிய வச்சு, எண்ணெ பொகையும்போது அடிச்ச முட்டைய ஊத்துவாவ. அது பொங்கி உப்பி வரும், அப்பிடியே சோத்து மேல போட்டு நீட்டுவாவ. காய் ஜியாவ்னு பேரு. சட்டிலேருந்து ஒம்பிள்ள தட்டுக்கு வர எத்தன நேரம்? ரெண்டு நிமிசம். அதுக்குள்ள எந்தக் கிருமி வந்து பந்தியில உக்காரும்? 2017 கடைசில அந்த ஊருக்கு மிஷ்லின் புத்தகம் மொத தடவ வந்துச்சு. டயரு விக்குத கம்பெனிக்காரன் சாப்பாட்டுக்கு நட்சத்திரம் குடுப்பான், அதுதான். அவன் ஒரு நட்சத்திரத்த ஜே ஃபாய்னு ஒரு ஆச்சி கடைக்குக் குடுத்தான். பனிச்சறுக்குக்காரன் போடுத பெரிய கண்ணாடிய மாட்டிக்கிட்டு கரியடுப்புக்கு முன்னால நின்னு நண்டு ஆம்லெட் போடுதாவ அந்த ஆச்சி. அதக் கேட்டுட்டுப் பிள்ளையளத் தூக்கிக்கிட்டு அங்க ஓடிராத. வரிசை மணிக்கணக்குல நிக்கும், வெலையும் கழுத்தப் புடிக்கும். நான் சொல்ல வந்தது, அடுப்பு கண்ணுக்கு முன்னால எரியணும்ங்கறது.

எல்லா ரோட்டுக் கடையும் சாமின்னு நான் சொல்லல. ஆபீசுப் பிள்ளைய மத்தியானம் கூட்டமா நிக்குத கடையாப் பாரு. காசு வாங்குத கையும் கறி தொடுத கையும் ஒண்ணான்னு பாரு. பச்ச மீன வெட்டுன பலகையிலயே வெந்த கோழிய வெட்டுதானா, எச்சித்தட்ட எந்தத் தண்ணியில முக்குதான்னு பாரு. இதுக்கெல்லாம் தாய்லாந்து பாசை வேண்டாம், ரெண்டு கண்ணு போதும். நீ போன எடுத்துக் கடைக்கு எத்தன நட்சத்திரம்னு நோண்டிக்கிட்டு நிப்பே. அந்த நட்சத்திரத்தப் போட்டவன் போன வருசம் வந்து தின்னுட்டுப் போனவன். கறி இன்னைக்கு வெட்டுனது.

ஐஸ பத்தி ஒம்பொண்டாட்டி கேட்டா. நடுவுல ஓட்டை போட்ட உருண்டைக் குழாய்த் துண்டா வந்தா அது பெரும்பாலும் குடிதண்ணியில ஃபேக்டரியில செஞ்சது. பெரிய பாளத்த ஒடச்சு நொறுக்குன ஐஸு மீன் பெட்டிக்கும் போவும், தம்ளருக்கும் வரும், அது வேண்டாம். பிள்ளையளுக்கு எந்த ஐஸும் இல்லாட்டி ஒண்ணும் கொறஞ்சு போவாது. சீல் ஒடையாத பாட்டல் தண்ணி, பல் தேய்க்கவும் அதுவே. அவ்வளவுதான், இதுல ஒரு வித்தையும் இல்ல.

பேரனுக்குப் பால்பொடி கரைக்கறதுதான் வித்த. பொடி டப்பாவுக்குள்ள கிருமியே இல்லன்னு நெனைக்காத, அது முழுச் சுத்தம் பண்ணுன பொருளில்ல. தண்ணி 70 டிகிரிக்குக் கொறையாத சூட்டுல இருக்கும்போதே பொடியப் போடணும். அதாவது கெட்டில்ல கொதிச்சு அரைமணி நேரத்துக்குள்ள. பெறவு குழாயடியில பாட்டலக் காட்டி ஆத்தி, மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்துக் குடு. ரெண்டு மணி நேரத்துல குடிக்காததக் கொட்டிரு. "பாதி பாக்கி இருக்கே, படகுல போவும்போது குடுக்கலாம்"னு பைக்குள்ள திணிக்காத. தாயிப்பால் குடிக்குதான்னா இந்தச் சோலியே கெடையாது. ஊர் சுத்துத பயணத்துல அதவிட நல்ல ஓட்டலு எவனும் நடத்தல.

சாப்பாடு என்ன குடுக்கலாம்? பெரியவளுக்குத் தெளிஞ்ச நூடுல்ஸ் சூப்பு, கோழி வேக வச்ச தண்ணியிலேயே ஆக்குன சோறு, சுட்ட கோழி, எல்லாம் நாக்குக்கு எதமா இருக்கும். கோழிச்சோத்த கவ் மன் கைம்பாவ. கோழியக் கொக்கியில தொங்கவிட்டு வெட்டி வெட்டிப் போடுவான், அதனால அத வெள்ளெனப் போயித் தின்னு, சாயங்காலம் மிஞ்சித் தொங்குதது வேண்டாம். காலைல கஞ்சி விப்பான், ஜோக்குன்னு. கொழகொழன்னு, பேரனுக்குக்கூட ஊட்டலாம்போல இருக்கும். ஆனா கிண்ணத்தடியில பாதி வெந்த முட்டைய ஒடச்சு ஊத்தியிருப்பான், உள்ள பன்னி உருண்டையும் கெடக்கும். முட்டை வேண்டாம்னு முன்னமே கையக் காட்டிச் சொல்லிரு. சின்னவனுக்கு அதுலயும் உப்பு அதிகம். ஒரு வயசு ஆவாத பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம் உப்புகூட வேண்டாம், தாய்லாந்துக்காரன் மீன் சாறு ஊத்தாம ஒண்ணும் ஆக்க மாட்டான். அதனால அவனுக்கு வெறுஞ்சோறு, வாழப்பழம், வெந்த முட்டை, மசிச்ச பூசணி போதும். தேன் தொட்டு நாக்குல வைக்குத சோலி ஆவாது. ஒங்க அத்தை வப்பா, நீ விடாத. ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது. அதுல ஒரு கிருமிக்க வித்து இருந்தா பிள்ளையோட கொடலுக்குள்ள மொளச்சு நஞ்சக் கக்கும், கழுத்து நிக்காமத் தொவண்டு போவும்.

"மாய் பெட்"னு ஒரு வார்த்தையக் கத்துக்கிட்டுப் போ. காரம் வேண்டாம்ங்கறது. சொன்னா அவன் சிரிச்சுக்கிட்டே கொஞ்சமாப் போடுவான். அந்தக் கொஞ்சமே நம்ம ஊரு வத்தக்கொழம்ப மண்டியிட வைக்கும். மொத வாய நீ தின்னு பாத்துட்டு ஊட்டு. அதவிட முக்கியம், மேசை நடுவுல நாலு கிண்ணம் இருக்கும். ஒண்ணுல சீனி, ஒண்ணுல மொளகாப்பொடி, ஒண்ணுல மொளகா மெதக்குத வினிகரு, ஒண்ணுல மீன் சாறு. எல்லாம் சின்னச் சின்னக் கரண்டியோட, பிள்ளைய விளையாடச் செஞ்சது போலவே. நீ உக்காந்து செல்ஃபி எடுக்குத நேரத்துல பேத்தி மொளகாப்பொடியில கைய விட்டுக் கண்ணக் கசக்குவா. பெறவு அந்த அலறல கோயில் வாசல் வரைக்கும் கேக்கலாம். உக்காந்த ஒடனே கிண்ணத்த எட்டாத எடத்துக்குத் தள்ளு, பெறவு படம் எடு.

ஒவ்வாமை இருக்குத பிள்ளைன்னா வெளையாட்டுப் பேச்ச நிறுத்திக்கிடுதேன். நெலக்கடல பாட் தாய்ல மேல தூவியிருக்கும், சாத்தே கொழம்புல அரைச்சிருக்கும், பப்பாளிக்கா சாலட்டுல இடிச்சிருக்கும். எறா விழுது கொழம்பு மசாலையிலேயே கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "வெஜிடபிள்"னு எழுதுன தட்டுலயும் மீன் சாறு, சிப்பிச் சாறு இருக்கும். நீ சைவம்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் தின்னுட்டு வருவே. மஞ்சக் கொடியில செவப்பு எழுத்துல ஜேன்னு போட்ட கடையில கறி, மீன், முட்டை, பால் ஒண்ணும் சேக்க மாட்டான், ஆனா அங்கயும் கடல உண்டு. இன்னது ஒத்துக்கிடாது, தின்னா உசுருக்கு ஆவத்துன்னு தாய் எழுத்துல ஒரு அட்டை எழுதி வாங்கி, சமைக்குதவன் கண்ணுக்கு முன்னால நீட்டணும். பரிமாறுதவன் தலையாட்டுனாப் போறாது, அவன் எதுக்கும் தலையாட்டுவான். எறாவோ கடலையோ பிள்ள இதுவரைக்கும் தின்னதே இல்லன்னா, மொத ஒத்திகைய அங்க நடத்தாத. வறுத்த வெட்டுக்கிளியும் புழுவும் விப்பானுவ, வேடிக்கைக்கு வாயில வச்சு வீடியோ எடுக்கணும்னு ஒனக்குத் தோணும். எறா ஒத்துக்கிடாதவனுக்கு பூச்சியும் ஒத்துக்கிடாமப் போவலாம், ஞாவகம் வச்சுக்கோ.

சரி, இம்புட்டு நேரம் கிருமியப் பத்தியே பேச விட்டுட்டே பாத்தியா. கிருமி வயித்துக்குள்ள போயி வேல காட்ட மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆவும். அதுக்குள்ள டாக்டரத் தேடலாம். தொண்டையில பண்டம் அடைச்சா ஒனக்குக் கெடைக்கறது நாலஞ்சு நிமிசந்தான். பெட்டி நெறைய கிருமிநாசினி வச்சிருக்குத மருமவன், லூக் சின்னுன்னு ஒண்ணு விப்பானே, குச்சியில கோத்த மீனுருண்டை, கறியுருண்டை, அத வாங்கி மூணு வயசுப் பிள்ள கையில குடுத்துட்டு, "ஓடாதே"ம்பான். பிள்ள ஓடும், அதுக்க சோலியே அதுதான். வாயில உருண்டை, கையில கூர்க்குச்சி, கீழ மேடுபள்ளமான நடைபாதை. இதுக்கு எந்தத் தடுப்பூசியும் கெடையாது.

அந்த உருண்டை பிள்ளையோட மூச்சுக்குழாய்க்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி வழுவழுப்பா இருக்கும், போயி உக்காந்தா காத்துப் போவ ஒரு ஓட்டையும் விடாது. குச்சிய நீ உருவிப்போடு. உருண்டைய வட்டமா நறுக்காத, நீளவாக்குல நாலாக் கீறு. அதுக்குத்தான் கத்திரின்னேன், கைப்பையில வைக்காத, ஏர்போர்ட்டுல புடுங்கிருவான், பெரிய பெட்டியில போடு. திராட்சைக்கும் இதே சட்டம். ரம்புட்டானும் லாங்கனும் தள்ளுவண்டியில கொத்துக் கொத்தா தொங்கும். உரிச்சு, கொட்டைய எடுத்து, சதையப் பிச்சுக் குடு. முழு நெலக்கடல அஞ்சு வயசுக்குள்ள வேண்டாம். பால் டீக்குள்ள போடுத கருப்பு ஜவ்வரிசி உருண்டையத் தடிச்ச ஸ்ட்ரா வழியா பிள்ள உறிஞ்சுனா அது நேரே துப்பாக்கிக் குண்டா தொண்டைக்குள்ள போவும். குட்டிக் கப்புல விக்குத கொன்யாக்கு ஜெல்லிய வாயில வச்சு உறிஞ்சி பிள்ளைய செத்து, ஐரோப்பாவுல அதுக்குத் தடையே போட்டுட்டானுவ. ஒட்டுச்சோறு மாம்பழத்தோட அமிர்தமா இருக்கும், அதயும் சின்ன உருட்டாக் குடு, மேல ஊத்துத தேங்காப்பால் காலையிலேருந்து மேசையில கெடந்ததான்னு கேட்டுப் பாரு.

சோறு திங்கும்போது பிள்ள உக்காந்திருக்கணும். டுக்டுக்குல குலுங்கிக்கிட்டு, தோள்ல படுத்துக்கிட்டு, சிரிச்சு ஓடிக்கிட்டுத் திங்கப்புடாது. அடைச்சிருச்சுன்னா? நல்லாச் சத்தமா இருமுதுன்னா இரும விடு, நடுவுல போயிக் கைய விட்டு நோண்டாத, கண்ணுக்குத் தெரியாதத நோண்டுனா இன்னும் உள்ள போவும். இரும முடியல, சத்தம் வரல, மொகம் நீலம் பாயுதுன்னா, ஒரு வயசுக்கு மேல உள்ளத முன்னால குனிய வச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால அஞ்சு போடு, பெறவு பின்னால நின்னு தொப்புளுக்கு மேல அஞ்சு தடவ உள்ளயும் மேலயுமா அமுக்கு. சின்னவன்னா கைமேல குப்புறப் போட்டுத் தல தாழ முதுகுல அஞ்சு, மல்லாத்தி நெஞ்சு நடுவுல அஞ்சு. அவனுக்கு வயித்துல அமுக்கப்புடாது. வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. மூச்சுப் பேச்சில்லாமப் போனா நெஞ்ச அமுக்கி உசுரூட்டணும். இத நான் வாயால சொன்னாப் போறாது. போறதுக்கு முன்ன, நீயும் பொண்டாட்டியும் முதலுதவி சொல்லிக்குடுக்குத எடத்துல பொம்மைய வச்சு அடிச்சுப் பழகுங்க. சினிமாவுக்குப் போவ நேரமிருக்குல்லா?

அடுத்தது சூடு. தள்ளுவண்டி எண்ணெச் சட்டி எந்த ஒயரத்துல இருக்கு தெரியுமா? ஒனக்கு இடுப்பு ஒயரம். பேத்திக்கு மொகம். நடைபாதையில கூட்டம் நெருக்கும், அதுக்குள்ள மோட்டார் சைக்கிள்காரன் வேற ஏறி வருவான். அவளக் கடை இருக்குத பக்கம் நடத்தாத, ரோட்டுப் பக்கமும் நடத்தாத, தூக்கிக்கோ. மூ கத்தான்னு மேசை நடுவுலயே கரி போட்டுக் கறி சுட்டுத் திங்கற கடை உண்டு, பெரியவங்களுக்குச் சொர்க்கம். எட்டி எட்டிப் பிடிக்குத ஒம்பது மாசப் பயல மடியில வச்சுக்கிட்டு அங்க உக்காரணும்னா ஒனக்கு எட்டுக் கையி வேணும். சூப்புக் கிண்ணத்த மேசை ஓரத்துல வைக்காத. சுட்டுருச்சுன்னா 20 நிமிசம் ஓடுத தண்ணியில காட்டு. ஐஸு வைக்காத, பேஸ்ட்டு பூசாத, ஒங்க அத்தை இங்க்கு கேப்பா, அதையும் தடவாத.

கடைக்கு கீழ நாயும் பூனையும் சுத்தும், பேத்தி அதுக்கு ஒரு துண்டு கறிய நீட்டுவா. கடிச்சாலோ பிறாண்டுனாலோ சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவி, அன்னைக்கே ஊசிக்கு ஓடு. அந்த ஊர்லயும் வெறிநோய் உண்டு. "சின்னக் கீறல்தானே"ன்னு சொல்லுத மருமவன நான் மருமவன்னு சொல்ல மாட்டேன்.

இன்னொரு பச்ச எலை விவகாரம். 2022 ஜூன்ல அந்த ஊருக்காரன் கஞ்சாவ போதைப்பொருள் பட்டியல்லேருந்து எடுத்துட்டான். பெறவு தெருவுக்குத் தெரு எலைப் படம் போட்ட கடை. பிஸ்கட்டு, கேக்கு, மிட்டாயின்னு பிள்ளைய கேக்குத உருவத்துல எல்லாம் வந்துச்சு. 2025-ல திரும்பவும் கயித்த இழுத்து, மொட்டுக்கு டாக்டர் சீட்டு கேக்கான். ஆனாலும் பிள்ளைய எதப் பாத்துக் கையக் காட்டுதுன்னு கவனி, பளபளன்னு இருக்குத உறையில அந்த அஞ்சாறு வெரல் எலை இருந்தா தூர வா. தெரியாம வாயில போட்டுப் பிள்ள தூங்கித் தூங்கி விழுந்தா, வெளிநாட்டுப் பயணக் களைப்புன்னு நெனச்சு படுக்கப் போடாத, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. அங்க ஆம்புலன்சுக்கு 1669, டூரிஸ்ட் போலீசுக்கு 1155.

கைக்குத் தேய்க்குத அந்தச் சாராயத் தண்ணிய நான் பழிக்கல, தண்ணியில்லாத எடத்துல ஒதவும். ஆனா வயித்தக் கலக்குத நோரோ வைரசு அதுக்குப் பெருசா அசையாது. சோப்பும் தண்ணியுமா தேச்சுக் கழுவுனாத்தான் போவும். ஈரத்தாள வச்சு மேசையத் தொடைச்சுட்டு அதே தாள வச்சுப் பிள்ள வாயையும் தொடைக்கியே, அத நான் பாத்துட்டேன். வேற யாருட்டயும் சொல்லல.

இம்புட்டும் செஞ்சும் வயித்தால போச்சுன்னா? போவும். பயந்து போயி பேதிய நிறுத்துத மாத்திரையக் குடுத்துராத, பெரியவங்க முழுங்குத லோபராமைடு சின்னப் பிள்ளைக்கு ஆவாது. ஓஆர்எஸ் பொட்டலத்துல எத்தன தண்ணின்னு போட்டிருக்கோ அத்தன தண்ணியில கரை, கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். ரெண்டு வயசுக்குள்ள உள்ளவனுக்கு ஒவ்வொரு தடவ போனதுக்குப் பெறவும் 50-லேருந்து 100 மில்லி, பெரியவளுக்கு 100-லேருந்து 200 மில்லி. வாந்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டுட்டு, கரண்டி கரண்டியாக் குடு. பாலும் சோறும் நிறுத்தாத. கண்ணு முன்னால சீவுன எளநி இருக்கே, அது போதாதான்னு ஒம்மவராசி கேட்டா. நல்ல பானம், ஆனா பேதிக்கு வேணுங்கற உப்பு அதுல பத்தாது. பொட்டலத்த இங்கயே மருந்துக்கடையில வாங்கிக்கோ, உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குன்னு எழுதியிருக்கான்னு பாத்து. பழரசப் பெட்டியில ஓஆர்எஸ்னு பேரு போட்டு வித்துக்கிட்டிருந்தானுவ, 2025 அக்டோபர்ல மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேர எடுங்கலேன்னு சொல்லிட்டு. பீயில ரத்தம், கண்ணு குழி விழுந்தது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போவல, எழுப்புனா எழும்பலன்னா அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரி. அதுக்கு ஆவுத செலவுக்குத்தான் பயணக் காப்பீடு. பிள்ள டாக்டர்ட்ட ஒரு மாசம் முன்னக்கூட்டியே போயி ரோட்டா சொட்டு மருந்து போட்டாச்சா, டைபாய்டு, மஞ்சக்காமால ஊசி வேணுமான்னு கேட்டுக்கோ. முந்துன நாளு போயி நின்னா ஊசி வேல செய்ய நேரம் இருக்காது.

கடைசியா ஒண்ணு. பேத்தி அங்க போயி, எனக்கு வெறுஞ்சோறும் முட்டையுந்தான் வேணும்பா. காலைல முட்டை, மத்தியானம் முட்டை, ராத்திரி முட்டை. நீ, "இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம், டேஸ்ட் பண்ணிப் பாரு கண்ணு"ன்னு கெஞ்சி, மெரட்டி, போனக் காட்டி, வாயத் தொறக்க வச்சுத் திணிப்பே. எதுக்கு? நீ போட்ட காசுக்கு அவ வாயி ரசீது குடுக்கணுமா? நாலு நாளு சோறும் முட்டையும் தின்னா எந்தப் பிள்ளையும் எளச்சுப் போவாது. தட்ட அவ பக்கத்துல வச்சுட்டு நீ ஒன் நூடுல்ஸத் தின்னு. அழுதுக்கிட்டே திங்குத பிள்ளைக்குத்தான் சோறு தடம் மாறும், அத மட்டும் அத்தைட்டயும் சொல்லிரு, அவ கையில கிண்ணத்தோட தெரு பூரா தொரத்துவா.